அம்மா திருப்பித் தந்த அரபிக்கா

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் பயணப்பெட்டியின் அடியிலிருந்து கடைசியாக எடுத்துத் தந்தது ஒரு கோப்பிப் பை. பழுப்பு நிறக் கடதாசி, எடை 340 கிராம். எத்தியோப்பியாவின் யிர்காசெஃப் பக்கம் விளைந்த கலப்பில்லாத அரபிக்கா இனக் கோப்பி என்றும், குடிக்கும்போது எலுமிச்சையும் மல்லிகையும் மணக்கும் என்றும் பையில் அச்சடித்திருந்தார்கள். விலையை மச்சான் சொன்னதும் என் மனைவி பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை எங்கள் வழக்கப்படியே போட்டோம். கொட்டையை மிக்சியில் அரைத்து, கேத்தில் கொதித்ததும் தூளைப் போட்டு மூடி, மண்டி அடியில் இறங்கியபின் துணி வடியில் வடித்து, பாலும் சீனியும் சேர்த்தோம். முதல் பேணி அம்மாவுக்குப் போனது. அம்மாவுக்கு 82 வயது. ஒரு மிடறு குடித்தார். பேணியை மருமகளிடமே நீட்டினார். "பிள்ளை, பால் பழுதாகிவிட்டது போல இருக்கிறது, ஒருக்கால் பார்."

பால் பழுதாகவில்லை. மச்சானின் முகத்தை நான் பார்க்கவில்லை.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவனுக்கு இப்படி ஒன்று நடந்தால் சும்மா இருக்க முடியாது. உலகம் தலையில் தூக்கிவைத்து ஆடும் கொட்டை யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் அடுப்படியில் ஒரே மிடறில் தோற்றுப்போகிறது. உலகம் இரண்டாந்தரம் என்று ஒதுக்கும் மற்றக் கோப்பி இனமான ரொபஸ்டாவோ அதே அடுப்படியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அசையாமல் இருக்கிறது. பிழை எங்கே? அம்மாவின் நாக்கிலா, எங்கள் கேத்திலிலா, கொட்டையிலா? மச்சான் திரும்பிப் போனபிறகு ஒரு மாதம் இதே வேலையாக இருந்தேன். விறாந்தையில் நான்கு கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. மனைவி அதற்கு ஆய்வுகூடம் என்று பெயர் வைத்து, அந்தப் பக்கம் கூட்டுவதையும் நிறுத்திவிட்டாள்.

முதல் போத்தலில் மச்சானின் எத்தியோப்பியக் கொட்டை. இரண்டாவதில், மலைநாட்டில் தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து எடுப்பித்த வறுக்காத அரபிக்கா. மூன்றாவதில் மாத்தளைப் பக்கத்து ரொபஸ்டா. இதுதான் எங்கள் வீட்டுக்குக் காலங்காலமாக வரும் கொட்டை. நாங்கள் வாங்கும் கடையில் யாரும் ரொபஸ்டா என்று பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கோப்பிக்கொட்டை ஒரு கிலோ" என்றால் அதைத்தான் நிறுத்துத் தருவார்கள். நான்காவது போத்தல் மலேசியாவிலிருந்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுளகில் கொட்டிப் பார்த்தாலே இனம் பிரித்துவிடலாம். அரபிக்கா நீள்வட்டம், கொஞ்சம் தட்டை. வயிற்றுப் பக்கத்துக் கோடு பாம்பு போல நெளிந்திருக்கும். ரொபஸ்டா சிறியது, உருண்டை. கோடு நேராக ஓடும். கொட்டை என்கிறோமே தவிர, ஒரு பழத்துக்குள் முகத்தோடு முகம் ஒட்டிக் கிடக்கும் இரண்டு விதைகள்தாம் இவை. ஒட்டிய பக்கம் தட்டையாகிவிடுகிறது. நூற்றில் ஐந்து என்ற அளவில் பழத்துக்குள் ஒரு விதை மட்டுமே வளர்ந்து பட்டாணி போல உருண்டு நிற்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் பீபெரி என்று அதற்குத் தனி மரியாதை. அம்மா அதை முதலில் பொறுக்கி எறிவார், மற்றவற்றோடு சேர்ந்து வறுபடாது என்று.

அரபிக்காவை உயர்குலமாகவும் ரொபஸ்டாவைப் பின்வாசலில் நிற்க வேண்டியதாகவும் பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. அரபிக்காவின் பெற்றோரில் ஒன்று ரொபஸ்டா. கனெஃபோரா என்பது அதன் தாவரவியற் பெயர். அதுவும் யூஜெனியோய்டிஸ் என்ற இன்னொரு காட்டுக் கோப்பியும் ஆதியில் கலந்து பிறந்ததுதான் அரபிக்கா. அதனால்தான் மற்றக் கோப்பிகளுக்கு மரபைச் சுமக்கும் நிறமூர்த்தங்கள் 22 இருக்க, அரபிக்காவுக்கு மட்டும் 44. பெற்றவரை மறைத்துவிட்டுக் குலப்பெருமை பேசும் கதைகள் எங்கள் ஊருக்குப் புதிதல்ல, ஆகவே அதை விடுவோம்.

மலை ஏற ஏற அரபிக்காவுக்கு நல்லது. ஆயிரம் மீற்றருக்கு மேலே, குளிரில், மெதுவாகப் பழுத்தால்தான் கொட்டை இறுகி அமிலமும் சர்க்கரையும் சேரும். ரொபஸ்டா வெக்கையிலும் தாழ்ந்த நிலத்திலும் வளரும். அரபிக்காவில் கஃபீன் நூற்றுக்கு 1.2 அளவு, ரொபஸ்டாவில் ஏறத்தாழ இரு மடங்கு, 2.2. அந்தக் கஃபீன் எங்களுக்காகச் சுரப்பதில்லை, பூச்சியை விரட்டச் செடி வைத்திருக்கும் கசப்பு மருந்து அது. நோயும் பூச்சியும் நிறைந்த கீழ்நிலத்தில் வாழும் செடிக்கு அது கூடுதலாகத் தேவைப்பட்டது. அரபிக்காவில் சர்க்கரையும் கொழுப்பும் கூட, ரொபஸ்டாவில் கசப்புக்குக் காரணமான குளோரோஜெனிக் அமிலம் கூட. வாயில் வைத்தால் இந்தக் கணக்கு அப்படியே தெரியும். ஒன்று இனித்துப் புளிக்கும், மற்றது கசந்து கனக்கும். கோயில் திருவிழாவில் விடியவிடிய விழித்திருக்க வேண்டியவர்களுக்கு எது உதவும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ரொபஸ்டா எப்படி எங்கள் அடுப்படிக்கு வந்தது என்று தேடப்போனால் ஒரு பெரிய துயரத்தில் முட்டிக்கொள்கிறோம்.

இலங்கை ஒரு காலத்தில் அரபிக்கா நாடு. 1820களில் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமும் கன்னொறுவையில் கோப்பி நட்டார். ஆட்சி செய்பவரே தோட்டக்காரரானால் காடு எவ்வளவு வேகமாக அழியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1878 அளவில் ஏறத்தாழ 275,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அதைப் பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்து போனவர்கள். கோப்பி பழுக்கும் காலத்துக்கு வருவார்கள், முடிந்ததும் திரும்பி நடப்பார்கள். பேதியிலும் காய்ச்சலிலும் அந்த வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். மலையக மக்கள் இந்த மண்ணுக்கு வந்த 200 ஆண்டை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. நாங்கள் வடக்கில் இருந்துகொண்டு தேயிலையை வைத்தே அந்த மக்களை நினைக்கிறோம். அவர்கள் வந்தது கோப்பிக்காக.

1869இல் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் பூத்தது. விரலால் தொட்டால் மஞ்சள் அரைத்த அம்மியைத் தொட்டதுபோல ஒட்டும். ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார்கள். தோட்டத்துரைமார் வாய்க்குள் நுழையாத அந்தப் பெயரைச் சுருக்கி "நாசகார எமிலி" என்றார்கள். 1880இல் ஹரி மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு வருடம் இங்கே தங்கி ஆராய்ந்தார். வித்துத்தூள் காற்றில் பறந்து இலைக்குள் நுழைந்து வாழ்கிறது, மலை முழுவதும் ஒரே பயிர் இருந்தால் அதற்கு விருந்து, என்று அவர் கண்டார். கண்டதில் பயனில்லை, பிந்திவிட்டது. அரபிக்கா மலையிலிருந்து வழித்தெடுத்ததுபோலப் போனது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் முறிந்தது. அந்த வங்கியின் தாள்கள் தீவெங்கும் பணமாகப் புழங்கின. ஆளுநர் ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கப் பொறுப்பு ஏற்றிருக்காவிட்டால் பலருடைய பெட்டியில் வெறும் கடதாசிதான் மிஞ்சியிருக்கும். லூல்கந்துறையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் வெறும் 19 ஏக்கரில் வைத்த தேயிலை அந்த வெறுமையில்தான் பரவியது.

அந்த நோயைப் பெரும்பாலும் தாங்கி நின்றது ரொபஸ்டா. கொங்கோப் பக்கத்து விதைகளை 1900 அளவில் பிரசல்ஸ் நாற்றுப் பண்ணை ஒன்று விற்கத் தொடங்கியபோது, உரம் பாய்ந்தது என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தது. ஜாவாவுக்குப் போனது, இங்கும் வந்தது. ருசிக்காக யாரும் அதை அழைக்கவில்லை, சாகாது என்பதற்காக அழைத்தார்கள். பிற்காலத்தில் தீமோர்த் தீவில் அரபிக்காவும் ரொபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்த ஒரு செடியைக் கண்டெடுத்து, அதன் வழியாகத்தான் இன்றைய பல அரபிக்கா வகைகளுக்கு எமிலியைத் தாங்கும் சக்தி ஏற்றியிருக்கிறார்கள்.

இவ்வளவு படித்தபிறகும் அம்மா பேணியைத் திருப்பித் தந்ததற்கு விடை கிடைக்கவில்லை. விடை கேத்திலுக்குள் இருந்தது. இரண்டாம் வாரம் அதைக் கழுவக் கவிழ்த்தபோது உள்ளே அடியில் வெள்ளையாக ஓடு பிடித்திருப்பதைப் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் பார்த்துவந்த ஓடுதான். அன்றைக்குத்தான் உறைத்தது.

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் எங்களுக்கு இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் வந்து போகும் விருந்தாளி. குடிக்கவும் இறைக்கவும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கிறோம். மழைநீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றில் ஊறும்போது கல்சியமும் இருகாபனேற்றும் சேர்ந்தே ஊறுகின்றன. இருகாபனேற்று அமிலத்தைக் கண்டால் விடாது, நடுநிலையாக்கிவிடும். இதை எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! அரபிக்காவின் அழகெல்லாம் அதன் அமிலங்கள்: தோடம்பழத்தில் இருக்கும் சித்திரிக் அமிலம், அப்பிளில் இருக்கும் மாலிக் அமிலம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவற்றைப் பாதி வழியில் பிடித்து அடித்துப்போட்டுவிடுகிறது. புளிப்பின் உயிர் போய், வாடை மட்டும் மிஞ்சுகிறது. அதில் பாலையும் ஊற்றிக் கொடுத்தால் பழுது என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வார்?

சோதித்துப் பார்த்தேன். ஒரே கொட்டை, ஒரே அளவு, இரண்டு தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் போட்டது கலங்கிய நிறத்தில், சுண்ணாம்பு தடவிய வெற்றிலைபோல நாக்கில் மந்தமாக இருந்தது. கடையில் வாங்கிய சுத்திகரித்த போத்தல் தண்ணீரில் போட்டதைப் பால் இல்லாமல் குடித்தபோது முதன்முதலாக அந்தப் பையில் எழுதியிருந்தது பொய்யில்லை என்று புரிந்தது. எலுமிச்சை இருந்தது. கொஞ்சம் கூர்மையாகவே இருந்தது, ஏனென்றால் உப்பே இல்லாத தண்ணீரும் கோப்பிக்கு நல்லதல்ல. மூன்று பங்கு போத்தல் தண்ணீருக்கு ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர் என்று கலந்தபோது சரிவந்தது. கோண்டாவில் அளவு இது. உவர்க் கிணற்றுக்காரர்கள் வேறு கணக்குப் போட வேண்டும்.

அம்மாவிடம் ஒரு பேணி கொடுத்தேன். முகர்ந்தார், குடித்தார், யோசித்தார். "இது ஏதோ பூ அவித்த தண்ணீர். கெட்டுப்போகவில்லை. ஆனால் கோப்பி இல்லை" என்றார். முதல் நாளைவிட நல்ல தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதே கிணற்றுத் தண்ணீரில் ரொபஸ்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இழப்பதற்கு அதனிடம் பெரிதாகப் புளிப்பு அமிலம் இல்லையே! கசப்பும் கனமும் அப்படியே நின்றன. பாலை ஊற்றியபோது அந்தக் கசப்பு அடங்கிக் கொக்கோப் போன்ற ஒரு சுவை எழுந்தது. அரபிக்காவோ பாலில் இருந்த இடம் தெரியாமல் போனது.

இதில் வறுவலுக்கும் பங்கு உண்டு, அதை மறைத்தால் ஒப்பீடு நேர்மையாக இராது. மச்சானின் கொட்டை இலவங்கப்பட்டை நிறத்தில் மெல்லிதாக வறுத்து வந்தது. எங்கள் வீட்டு வறுவல் கரிக்குப் பக்கத்தில் போய்த் திரும்பும். எனவே இரண்டாவது போத்தலின் மலைநாட்டு அரபிக்காவை அம்மாவின் முறைப்படி வறுக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் இப்போது தாச்சியில் கிளறுவதில்லை, பின்வளவில் கதிரை போட்டு இருந்து உத்தரவு மட்டும் தருவார். மூன்று கல் அடுப்பு, பனைமட்டை விறகு, இரும்புத் தாச்சி. பச்சைக் கொட்டை முதலில் மஞ்சளாகி வைக்கோல் வாசம் விடும். பிறகு பாண் சுடும் வாசம். அதன்பின் நெற்பொரி வெடிப்பதுபோல முதல் வெடி கேட்கும். கொட்டை ஊதிப் பெருக்கும். உலகத்தில் நாசூக்காகக் கோப்பி குடிக்கிறவர்கள் அந்த இடத்திலேயே இறக்கிவிடுகிறார்கள். அம்மா விடமாட்டார். புகை எழுந்து, சின்னச் சின்னதாக இரண்டாம் வெடி கேட்டு, கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்கும்போதுதான் "இப்போது இறக்கு" என்பார். கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை. கண் புரை சத்திரசிகிச்சைக்குப் பிறகும் முன்போல இல்லை. காதாலும் மூக்காலும் சொல்வார்.

அப்படி வறுத்த அரபிக்கா எப்படி இருந்தது? பரவாயில்லை. சீனி கருகிய இனிப்பு ஒன்று இருந்தது. ஆனால் பூவும் பழமும் புகையோடு போய்விட்டன, ரொபஸ்டாவின் உடம்பும் அதற்கு இல்லை. கூடக் காசு கொடுத்து ஒரு மெலிந்த கோப்பி. மலைநாட்டுக்காரர் அறிந்தால் வருத்தப்படுவார், அவரிடம் "நன்றாக இருந்தது" என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தாச்சியில் கோப்பிக்கொட்டை தனியே வறுபடுவதில்லை, அது இன்னொரு கதை. ஒரு கிலோவுக்கு இருநூறு கிராம் அளவில் கொத்தமல்லி, இரண்டு மூன்று துண்டு வேர்க்கொம்பு, அதாவது சுக்கு. மல்லி சீக்கிரம் கருகும் என்பதால் தனியாக, இளஞ்சூட்டில் வறுக்க வேண்டும். வேர்க்கொம்பைத் தட்டிப் போட வேண்டும். முன்பு எல்லாம் உரலில் இடித்து அரிதட்டில் அரித்து, மூக்குப்பேணியில் பனங்கட்டியோடு குடித்த கோப்பி இது. மச்சான் இந்தக் கலவையைப் பார்த்து, "அத்தான், கோப்பியின் தூய்மையே போய்விடுகிறதே" என்று மிகவும் மனவருத்தப்பட்டார். தூய்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கோப்பியை உலகுக்கு அனுப்பிய மோக்காத் துறைமுகத்தின் நாடான யேமனில் கோப்பிப் பழத்தின் உலர்ந்த தோலை இஞ்சியோடு அவித்துக் கிஷிர் என்று குடிக்கிறார்கள். வளைகுடாவில் ஏலக்காய் போடாமல் விருந்தினருக்குக் கோப்பி ஊற்றமாட்டார்கள். சுக்கும் மல்லியும் போடுவதில் நாங்கள் மட்டும் ஏன் கூச வேண்டும்?

கோபம் ஆறியபிறகு இரசாயனப் புத்தகத்தைப் புரட்டினேன். கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற ஒரு சேர்வை. மல்லிகைப் பூவின் வாசத்திலும் அது இருக்கிறது. கோப்பியில் பூ மணம் வருவதற்குக் காரணமானவற்றிலும் அது ஒன்று. புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கனடாப் பையில் மல்லிகை என்று அச்சடித்து விலை வைத்திருந்த வாசத்தின் ஒரு பங்கு எங்கள் சமையலறையில் மல்லிப் போத்தலில் இருக்கிறது. வறுக்கும்போது கொஞ்சம் பறந்துபோகும்தான், மிச்சம் போதும். பூ மணமில்லாத கனமான கொட்டைக்கு வெளியிலிருந்து பூ மணம். அமிலத்தை அடிக்கும் தண்ணீருக்கு அமிலம் குறைந்த கொட்டை. புளிப்பின் சுறுசுறுப்பு இல்லாத இடத்துக்கு வேர்க்கொம்பின் உறைப்பு. யாரோ பெயர் தெரியாத அம்மம்மாமார் கையில் கிடைத்த கொட்டையையும் கிணற்றையும் வைத்து நாக்கால் போட்ட கணக்கு இது. நான் போட்டிருந்தால் பட்டமளிப்பு விழா கேட்டிருப்பேன்.

ரொபஸ்டாவுக்காக நான் வக்காலத்து வாங்குவது ஒருபக்கமாகத் தோன்றலாம். எல்லா ரொபஸ்டாவும் நல்லதில்லை. காயும் பழமுமாக உருவி, தரையில் குவித்துக் காயவைத்தால் சாக்கு வாசமும் மண் வாசமும் ஏறிவிடும், அதற்குக் கிடைக்கும் ஏச்செல்லாம் பொருத்தமானதே. பழுத்ததை மட்டும் பறித்துக் கழுவிக் காயவைத்தால் கதை வேறு. இந்தியாவில் அப்படிக் கழுவிப் பதமாக்கும் உயர்தர ரொபஸ்டாவுக்குக் காப்பி ராயல் என்று தனிப்பெயரே உண்டு. இத்தாலிக்காரர் நுரைக்காகவும் கனத்துக்காகவும் தங்கள் எஸ்பிரெசோவில் ரொபஸ்டா கலப்பது பழைய வழக்கம். வியட்நாமியர் அதைக் கட்டியாக வடித்து ரின்பாலில் கலந்து குடிக்கிறார்கள். எங்கள் ஆட்கள் யாராவது அங்கே போனால் ஊருக்கு வந்ததுபோல இருக்கும். 2024இல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா ஒரு தொன்னுக்கு 5,000 டொலரைத் தாண்டியது. ஏழை உறவினர் திடீரென்று காரில் வந்து இறங்கியதுபோல அன்றைக்கு எல்லாரும் எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள்.

இனி நான்காவது போத்தல். அம்மாவின் பெரியப்பா ஒருவர் மலாயாவில் ரெயில்வேயில் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடு ஊர் திரும்பியவர். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் தெருவுக்கு ஒரு மலாயாப் பென்சனியர் இருந்தார். அவர் வீட்டுக் கோப்பி வேறு வாசம், என்று அம்மா அடிக்கடி சொல்வார். என்ன வாசம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவருடைய பேரன் வழியில் மலேசியாவில் இருக்கும் ஒருவரிடம் கேட்டு, ஜொகூரில் விளைந்த லிபெரிக்கா என்ற மூன்றாவது இனக் கோப்பி அரைக் கிலோ எடுப்பித்தேன். போத்தலைத் திறந்து அம்மாவின் மூக்கருகே பிடித்தேன். "பலாப்பழம்" என்றார், யோசிக்காமல்.

லிபெரிக்காவைக் குடித்தவர்கள் பலரும் சொல்வது அதைத்தான். கொட்டை மூன்றிலும் பெரியது, ஒரு முனை கூராகச் சரிந்த கண்ணீர்த்துளி வடிவம். மேற்கு ஆபிரிக்காவில் பிறந்த மரம். செடி என்று சொல்ல முடியாது, 15 மீற்றருக்கு மேலே வளர்ந்து ஏணி கேட்கும். அரபிக்கா சாகத் தொடங்கிய 1870களில் இலங்கையிலும் அதைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. பிலிப்பீன்சின் பத்தாங்காசில் பராக்கோ என்ற பெயரில் அது வாழ்கிறது, மலேசியாவில் விளையும் கோப்பியிலும் பெரும்பங்கு அதுவே. உலகக் கணக்கில் நூற்றுக்கு இரண்டுகூட வராது. எக்செல்சா என்று இன்னொரு கோப்பி தனி இனமாக இருந்தது. 2006இல் அதை லிபெரிக்காவின் வகை என்று சேர்த்தார்கள், 2025இல் மரபணுவைப் பார்த்துத் தனி இனம்தான் என்கிறார்கள். எங்கள் ஊர்க் காணி வழக்குகளே இதைவிட விரைவில் முடிந்திருக்கின்றன.

லிபெரிக்காவைக் குடித்தேன். சொன்னால் சொன்னதுதான்: எனக்குப் பிடிக்கவில்லை. மலாயாவில் சீனியும் மாஜரினும் போட்டு வறுப்பார்கள், அந்த முறையில் அது வேறு மாதிரி இருந்திருக்கும். எங்கள் தாச்சியில் வறுத்தபோது பலாப்பழத்தை விறகடுப்புக்குப் பக்கத்தில் மறந்துவிட்டதுபோல இருந்தது. அம்மா மட்டும் முழுப் பேணியையும் குடித்தார். ருசிக்காக இல்லை என்று நினைக்கிறேன். பெரியப்பா வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரை எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருந்தது என்பதுவரை அன்று பின்னேரம் முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஆராய்ச்சி நடுவில் ஒரு விபத்து நடந்தது. ரொபஸ்டாவும் மல்லியும் வறுத்து ஆறவைத்ததை அரைப்பிக்க மில் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். எனக்கு முன்னால் யாரோ செத்தல் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டிச் சுத்தமாக்கிவிட்டுப் போடுங்கள், என்று நான் சொன்னதற்கு, "சேர், எல்லாம் சுத்தம்தான்" என்று பதில் வந்தது. அன்றைக்குக் கோப்பி குடித்த அயல்வீட்டு அண்ணா இருமி முடித்துவிட்டு, "இது எந்த நாட்டுக் கொட்டை?" என்று மரியாதையாகக் கேட்டார். ஒரு கிலோவும் வீண். அம்மா அதையும் எறியவிடவில்லை. தடிமன் காய்ச்சலுக்கு நல்லது என்று ஒரு போத்தலில் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஆக விறாந்தையில் இப்போது ஐந்து போத்தல்கள்.

மச்சானின் கொட்டையில் 60 கிராம் அளவில் மிஞ்சியிருக்கிறது. பின்னேரம் மூன்று மணிக்கு, அம்மா படுத்திருக்கும் நேரம், மூன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, பாலில்லாமல் சின்னக் கோப்பையில் குடிக்கிறேன். அரபிக்காவின் அருமை எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது என்பதை மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். மிகவும் சந்தோசப்பட்டார். அடுத்த முறை வரும்போது இரண்டு பை கொண்டுவருவதாகச் சொன்னார். காலைக் கோப்பி எப்படி என்று கேட்டார். அது பழையபடி மாத்தளைக் கொட்டைதான் என்றேன்.

லிபெரிக்கா இன்னும் கால் கிலோ இருக்கிறது. கோண்டாவில் பக்கத்தில் மலாயாப் பென்சனியர் குடும்பத்துக்காரர் யாராவது இருந்தால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். வரும்போது அம்மாவோடு ஒரு மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருக்க ஆயத்தமாக வரவும்.